உள்தாழ்ப்பாள்

அப்பா இரவில் கதவைப் பூட்டும் சத்தம் எனக்கு இன்னும் மனப்பாடம். முதலில் சாவி, இரண்டு சுற்று. பிறகு மேல்தாழ்ப்பாள். அது முரண்டு பிடிக்கும், உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால்தான் போய் உட்காரும். அடுத்து கீழ்த்தாழ்ப்பாள். எல்லாம் முடிந்ததும் கதவைப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். "பூட்டினதும் நீங்கதான், சந்தேகப்படறதும் நீங்கதானா?" என்று அம்மா கேலி செய்வார். அப்பா பதில் சொல்லமாட்டார். அடுப்பை ஒரு பார்வை, பின்கதவு, ஜன்னல் கொக்கிகள். கடைசியில் எங்கள் அறை வாசலில் வந்து நிற்பார்.

அங்கே எவ்வளவு நேரம் நிற்பார் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. சிறு பிள்ளைக்கு இரவில் நேரம் வேறு மாதிரி ஓடும். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தூங்குவதுபோல் கிடப்பேன். தம்பி நிஜமாகவே தூங்கியிருப்பான். அப்பா முணுமுணுப்பது லேசாகக் கேட்கும். முதலில் என் பெயர் வரும், அப்புறம் தம்பியின் பெயர். பிறகு ஒரு ஆமென். வெறுங்காலின் சத்தம் மெல்லத் தள்ளிப் போகும்.

ஒரு தகப்பன் குடும்பத்தைக் காப்பது என்றால் இவ்வளவுதான் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். ஆபத்து வெளியே இருக்கிறது, நாங்கள் உள்ளே இருக்கிறோம், இடையில் ஒரு கதவு, கதவருகே அப்பா. நானும் தகப்பனாகி, என் மகளும் வளர்ந்து, சில தப்புகளையும் செய்து முடித்த பிறகுதான் அந்தச் சித்திரத்தில் பாதியைக் காணோம் என்று தெரிந்தது. ஆபத்து எப்போதும் வெளியேதான் நிற்கும் என்று யார் சொன்னது?

தகப்பன்மார்களுக்குப் பிரசங்கம் என்றால் பெரும்பாலும் யோசுவா 24:15-ஐ எடுப்பார்கள். "நானும் என் வீட்டாருமோவென்றால், கர்த்தரையே சேவிப்போம்." சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிற வசனம், எங்கள் வீட்டிலும் உண்டு. அதில் எனக்குக் குறையேதும் இல்லை. ஆனால் அது ஊரைக் கூட்டிச் சொன்ன வார்த்தை. நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது வாயே திறக்காத ஒரு தகப்பனிடம். மரியாளின் கணவன் யோசேப்பு பேசியதாக நான்கு சுவிசேஷங்களிலும் ஒரு வார்த்தைகூட இல்லை. எழுந்தான், கூட்டிக்கொண்டு போனான், திரும்பி வந்தான் என்று வினைச்சொற்கள்தான் இருக்கின்றன.

அவன் முதலில் காத்தது ஒரு பெண்ணின் பெயரை. மரியாள் கர்ப்பவதி என்று தெரிந்தபோது அவனுக்கு விளக்கம் எதுவும் வந்திருக்கவில்லை, தேவதூதன் வருவது அதற்குப் பிறகுதான். தான் ஏமாற்றப்பட்டதாகவே அவன் நினைத்திருக்க வேண்டும். அந்த நிலையிலும் அவளை "அவமானப்படுத்த மனதில்லாமல்" இருந்தான் என்று மத்தேயு எழுதுகிறார். மனம் நொந்துபோன ஆண் எவ்வளவு பேசுவான், யாரிடமெல்லாம் பேசுவான் என்று நமக்குத் தெரியும். அவன் பேசவில்லை. குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடிய ராஜா ஏரோதின் போர்ச்சேவகர் வருவதற்கு வெகுமுன்பே, தன் சொந்தக் காயத்திலிருந்து அவளைக் காப்பாற்றிவிட்டான்.

அப்புறம் அந்த இரவு. "பிள்ளையையும் அதின் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடிப்போ" என்று சொப்பனத்தில் சொல்லப்படுகிறது. விடியட்டும், பார்க்கலாம் என்று அவன் புரண்டு படுக்கவில்லை. இரவிலேயே கிளம்புகிறான். நாம் கேட்டு வளர்ந்த வீரக்கதைகளில் காப்பவன் நின்று சண்டை போடுவான். இங்கே காப்பவன் ஓடுகிறான். தொழில், உறவு, தெரிந்த முகங்கள் எல்லாவற்றையும் விட்டு ஓடுகிறான். ஓடுவதில் ஆண்பிள்ளைத்தனம் குறைந்துவிடுமோ என்று அவன் யோசித்ததாகத் தெரியவில்லை.

எனக்கு இதைவிடப் பிடித்த இடம் ஒன்று உண்டு, பிரசங்கங்களில் அது அதிகம் வருவதில்லை. ஏரோது இறந்தபின் யோசேப்பு இஸ்ரவேலுக்குத் திரும்பி வருகிறான். யூதேயாவில் ஏரோதின் மகன் அர்கெலாயு அரசாளுகிறான் என்று கேள்விப்பட்டதும் "அங்கே போகப் பயந்தான்." பயந்தான் என்றே எழுதியிருக்கிறது. பயம் என்றால் விசுவாசக் குறைவு என்று நாம் மேடையில் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் வசனத்தின் வரிசையைப் பாருங்கள்: முதலில் கேள்விப்படுகிறான், பயப்படுகிறான், அதற்குப் பிறகுதான் சொப்பனத்தில் எச்சரிப்பு வருகிறது. தேவன் அந்தப் பயத்தைக் கடிந்துகொள்ளவில்லை, அதற்கு வழிகாட்டினார். பயம் நியாயமானதும்தான். கி.மு. 4-இல் தகப்பன் இறந்ததும் பதவிக்கு வந்த அர்கெலாயு, பஸ்கா பண்டிகையின்போது தேவாலயத்தில் கூடியிருந்தவர்கள்மேல் படையை ஏவினான். ஏறக்குறைய 3000 பேர் கொல்லப்பட்டதாக யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் எழுதியிருக்கிறார். கி.பி. 6-இல் ரோம அரசே அவனைப் பதவியிலிருந்து இறக்கி, காலியாவுக்கு (இன்றைய பிரான்ஸ்) நாடுகடத்தியது. அரசியல் செய்தியைக் காதில் வாங்கிக்கொண்டு, யோசித்து, குடும்பத்தின் பாதையை மாற்றிய தச்சன் யோசேப்பு. அதனால்தான் இயேசு நாசரேத்தூரில் வளர்ந்தார்.

இவ்வளவு கவனமானவனும் ஒருநாள் பிள்ளையைத் தொலைத்தான் என்பது எனக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா. பிள்ளைக்கு 12 வயது. எருசலேமிலிருந்து திரும்பும் கூட்டத்தில் எங்கோ வருகிறான் என்று நினைத்து ஒருநாள் தூரம் நடந்துவிட்டார்கள். பிறகு திரும்பிப்போய்த் தேடி, மூன்று நாளைக்குப் பின்பு தேவாலயத்தில் கண்டுபிடித்தார்கள். அப்போது மரியாள் சொல்வது: "உன் தகப்பனும் நானும் விசாரத்தோடே உன்னைத் தேடினோமே."

விசாரம். பழைய தமிழ் வேதாகமத்தின் இந்தச் சொல்லை விட்டு நகர எனக்கு மனம் வருவதில்லை. விசாரம் என்றால் கவலை. விசாரிப்பது என்றால் கேட்டறிவது, பராமரிப்பது. தன் வீட்டாரை "விசாரியாமற்போனால்" ஒருவன் விசுவாசத்தை மறுதலித்தவன், அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்கிறது. பவுல் பொதுவாக இவ்வளவு சூடாக எழுதுவது போலிப் போதகர்களைப் பற்றித்தான். அந்த இடத்திலுள்ள கிரேக்கச் சொல்லுக்கு முன்கூட்டியே நினைத்துப் பார்ப்பது என்று பொருள். சம்பாதித்துக் கொடுப்பது அதில் ஒரு பகுதி, சந்தேகமில்லை. ஆனால் தமிழில் படிக்கிறவனுக்கு இன்னொன்றும் காதில் விழும்: நீ உன் வீட்டாரைக் கேட்டாயா? எப்படி இருக்கிறாய் என்று மகளிடம் கேட்டாயா? கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாயா?

முன்கூட்டியே நினைப்பதற்கு வேதத்தில் ஒரு சட்டமே இருக்கிறது. உபாகமம் 22:8. புது வீடு கட்டுகிறவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும், கட்டாமல் யாராவது விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல். அந்தக் காலத்து வீடுகளில் மொட்டைமாடி என்பது புழங்குகிற இடம். ராகாப் வேவுகாரரை ஒளித்து வைத்ததும், பேதுரு ஜெபம்பண்ண ஏறிப்போனதும் அங்கேதான். இந்தச் சட்டத்தில் வீரம் எதுவும் இல்லை. யாரும் இன்னும் விழவில்லை. விழப்போகிறவன் யார் என்றும் தெரியாது. ஒருவேளை யாருமே விழாமல், அந்தச் சுவர் எவரையும் தடுக்காமலே பழசாகிப் போகலாம். அப்போது அதைக் கட்டியவனுக்கு யார் நன்றி சொல்வார்கள்? மருந்தை எட்டாத உயரத்தில் வைப்பதற்கும், பிரயாணம் கிளம்புமுன் வண்டிச் சக்கரத்தைக் குனிந்து பார்ப்பதற்கும், கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் முழுக்கப் படிப்பதற்கும் யாரும் சாட்சி சொல்லிக் கைதட்டுவதில்லை. தகப்பன் வேலையில் முக்கால்வாசி இப்படிப்பட்டதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறேன். இதை எழுதலாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். அப்பா நல்லவர் என்றே இதுவரை எழுதியிருக்கிறேன். நல்லவர்தான். ஆனால் அவருக்குக் கோபம் வரும்.

எனக்கு 9 வயது இருக்கும், தம்பிக்கு 5. என்ன காரணம் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தவர் குரல் உயர்ந்தது, கையில் இருந்ததைச் சுவரில் எறிந்தார். அது யார்மேலும் படவில்லை. அடுத்த நிமிடமே அடங்கிப்போனார், அவர் கோபம் அப்படித்தான். தம்பியைக் காணோம் என்று தேடினோம். கட்டிலுக்கு அடியில் சுவரோடு ஒட்டிக்கொண்டு கிடந்தான். அப்பா குனிந்து, வாடா என்று கையை நீட்டினார். நீட்டிய கையைப் பார்த்ததும் அவன் முகத்தை மூடிக்கொண்டான்.

அன்று இரவும் சாவி சத்தம் கேட்டது. மேல்தாழ்ப்பாள், ஒரு தட்டு, கீழ்த்தாழ்ப்பாள், ஒரு இழுப்பு. ஆனால் எங்கள் அறை வாசலுக்கு அப்பா வரவில்லை. எல்லாக் கதவையும் பூட்டிவிட்டு, எந்தப் பக்கம் தான் நிற்கிறோம் என்று அவருக்கே சந்தேகம் வந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

மறுநாள் குடும்ப ஜெபத்தில் அவர் ஜெபிக்கும் முறை வந்தது. வழக்கமான வார்த்தைகளைத் தொடங்கி நடுவில் நிறுத்திவிட்டார். பிறகு, "ஆண்டவரே, என் கோபத்திலிருந்து இந்த வீட்டைக் காப்பாற்றும்" என்றார். அவ்வளவுதான். அம்மாவின் ஆமென் கொஞ்சம் தாமதமாக வந்தது. ஜெபம் முடிந்ததும் எங்கள் மூவரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டார். தம்பியிடம் தரையில் உட்கார்ந்து கேட்டார், அவன் உயரத்துக்கு.

மன்னிப்போடு நிறுத்தியிருந்தால் இதை நான் எழுதியிருக்கமாட்டேன். மன்னிப்பு நிறைய வீடுகளில் கேட்கப்படுகிறது, அடுத்த மாதம் மறுபடியும் கேட்கப்படுகிறது. அப்பா சுவர் கட்டினார். தன் குரல் உயர்ந்தால், "கொஞ்சம் வெளியே போயிட்டு வாங்க" என்று சொல்லும் உரிமையை அம்மாவுக்குக் கொடுத்தார், எங்கள் முன்னிலையிலேயே. அம்மா சொன்னால் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போய் நடந்துவிட்டு வருவார். சபையில் ஒரு பெரியவரிடம் நடந்ததைச் சொல்லி, தன்னை அவ்வப்போது விசாரிக்கச் சொன்னார். அந்தப் பெரியவர் பொல்லாதவர், அப்பாவிடம் கேட்டுவிட்டு அம்மாவிடமும் தனியாகக் கேட்பார். அதன்பிறகு அப்பா தவறவே இல்லை என்று சொன்னால் அது பொய். இரண்டு மூன்று முறை தவறினார். ஆனால் தம்பி மறுபடி கட்டிலுக்கு அடியில் போகவில்லை.

பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று பவுல் எபேசியருக்கும் கொலோசெயருக்கும் எழுதியபோது, ரோமச் சட்டம் தகப்பனுக்குப் பிள்ளையின் உயிர்மேலேயே அதிகாரம் கொடுத்திருந்தது. அந்த உலகத்தில் பிள்ளையின் மனம் "திடனற்றுப்போகும்" என்பதைப் பற்றி ஒருவர் தகப்பன்களிடம் பேசுகிறார். அதிகாரம் உனக்கு இருக்கிறது, அதற்கு நீயே கைப்பிடிச்சுவர் கட்டு என்றுதான் எனக்கு அது கேட்கிறது.

ஒன்றை இங்கே சொல்லிவிட்டுப் போகிறேன். பாதுகாப்பு என்ற பேரில் மனைவியை அடைத்து வைப்பவர்களையும், எங்கே போனாய், யாரோடு பேசினாய் என்று மகளைத் துளைப்பவர்களையும் நான் சபைகளில் பார்த்திருக்கிறேன். அவர்களும் வசனம் சொல்கிறார்கள். உள்தாழ்ப்பாளை உள்ளே இருக்கிற யாரும் திறக்கலாம். வெளிப்பக்கம் பூட்டுப் போட்ட வீட்டுக்கு வேறு பேர். அடிபடுகிற பெண்ணிடம் பொறுத்துக்கொள்ளம்மா, ஜெபம்பண்ணும்மா என்று அனுப்பிவைக்கும் போதகர்கள் மத்தேயு 2-ஐ இன்னொருமுறை வாசிக்கலாம். பிள்ளையும் தாயும் ஆபத்தில் இருந்தபோது தேவன் சொன்ன வார்த்தை, ஓடிப்போ.

வேதத்தில் வீட்டுக்கு வெளியே வீரனாகவும் வீட்டுக்குள்ளே கோட்டைவிட்டவனாகவும் இருந்தவன் தாவீது. ஆட்டை மீட்பதற்காகச் சிங்கத்தையும் கரடியையும் கொன்றவன். அவன் மகள் தாமாருக்கு நடந்தது 2 சாமுவேல் 13-இல் இருக்கிறது. வாசிக்கக் கடினமான அதிகாரம். அவளைக் கெடுத்தவன் சொந்த அண்ணன் முறையான அம்னோன். அவன் வியாதிக்காரனைப்போல் நடித்தபோது, நீ போய் அவனுக்குச் சமைத்துக் கொடு என்று மகளை அந்த வீட்டுக்கு அனுப்பிவைத்ததே தாவீதுதான். நடந்ததைக் கேள்விப்பட்டதும் மிகவும் கோபப்பட்டான் என்று 21-ஆம் வசனம் சொல்கிறது. கோபத்துக்கு அடுத்து அவன் ஏதாவது செய்தான் என்று எந்த வசனமும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்து தாமாரின் கூடப்பிறந்த அண்ணன் அப்சலோம் அம்னோனைக் கொன்றான். கடைசியில் அப்சலோமும் செத்தபோது, உனக்குப் பதிலாக நான் செத்திருந்தால் நலமாயிருக்குமே என்று தாவீது அழுதான். பிள்ளைக்காகச் சாகத் தயாராக இருந்தவன்தான். பிள்ளை வாயிலிருந்து ஒரு வார்த்தை கேட்க அவனுக்கு நேரமில்லாமல் போனது.

லோத்துவும் அப்படித்தான். ஊரார் வீட்டைச் சூழ்ந்தபோது வெளியே வந்து, தனக்குப் பின்னாலே கதவைப் பூட்டி, தன் உடம்பையே கதவுக்கு முன் நிறுத்தினான். எவ்வளவு துணிச்சல் என்று நாம் நினைத்து முடிப்பதற்குள், விருந்தாளிகளுக்குப் பதிலாகத் தன் இரண்டு மகள்களைத் தருவதாகச் சொல்கிறான். கதவு பத்திரம். கதவுக்குள்ளே இருந்தவர்களைத்தான் விலை பேசிவிட்டான். தூதர்கள் அவனை உள்ளே இழுத்துக் கதவை அடைக்க வேண்டியிருந்தது.

இவர்களைப் பற்றி இவ்வளவு தைரியமாக எழுதுகிறேனே, என் கதை என்ன? என் மகளுக்கு 13 வயதாக இருந்தபோது, பாடகர் குழுப் பயிற்சி முடிந்து அவளை வண்டியில் கொண்டுவந்து விடுவதாக ஒருவர் சொன்னார். சபையில் எல்லாரும் மதிக்கிறவர். எனக்கு வேலை நேரம் ஒத்துவராததால் நிம்மதியாக இருந்தது. "நான் நடந்தே வந்துடறேன்ப்பா" என்றாள் மகள். "எதுக்கும்மா, நல்ல மனுஷர்தானே" என்றேன். அடுத்த வாரமும் சொன்னாள், நானும் அதையே சொன்னேன். மூன்றாவது வாரம், அவள் தூங்கப்போன பிறகு என் மனைவி சொன்னாள்: "அவ மூணு தடவை சொல்லிட்டாங்க. நாலாவது தடவை சொல்லமாட்டா."

அந்த வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாள் மகளோடு உட்கார்ந்தேன். இந்த முறை கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். சொல்ல நேரமெடுத்தாள். அவர் பேசும் பேச்சு, உடுப்பைப் பற்றிய சிரிப்பு, தோளில் வைத்த கையை எடுக்காமல் இருப்பது. அதற்கு மேல் போகவில்லை. போவதற்கு இன்னும் எத்தனை வாரம் பாக்கி இருந்தது என்று எனக்குத் தெரியாது, ஆனால் மூன்று வாரம் அவளை அனுப்பிவைத்தவன் நான். தாவீது அனுப்பிவைத்ததுபோலவே, யோசிக்காமல், நல்லெண்ணத்தோடு.

போதகரிடம் போனோம், தகவல் தரவேண்டிய மற்ற இடங்களிலும் தந்தோம். வண்டியில் கொண்டுவந்து விட்ட அந்த மனுஷர் ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டார். எந்தப் பெரியவரும் வேறு வீட்டுப் பிள்ளையோடு தனியாக வண்டியில் போகக்கூடாது, பயிற்சிக்கு எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும் என்று சபையில் விதி வந்தது. இப்போது அதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை, அன்று பார்த்தார்கள். சாட்சி கெட்டுப்போகுமே, ஒரு மனுஷனின் பேரைக் கெடுக்கலாமா என்று கேட்டார்கள். சிலர் கொஞ்சகாலம் எங்களோடு பேசவில்லை. மகளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன், தரையில் உட்கார்ந்து. அவள் என்னைவிட உயரமாகிக்கொண்டிருந்தாள், அதனால் அது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்தது. சிரித்துவிட்டாள்.

கதவைப் பற்றிய இன்னொரு விஷயம் பாக்கி இருக்கிறது. தம்பிக்கு 20 வயதானபோது அவன் வீட்டைவிட்டுப் போனான். குடி, கூடாத சகவாசம், விவரம் வேண்டாம். கோபித்துக்கொண்டு போனவன் சாவியை மட்டும் கையோடு கொண்டுபோயிருந்தான். அன்றிலிருந்து அப்பா தாழ்ப்பாள் போடுவதை நிறுத்திவிட்டார். எனக்குப் புரிய சில நாள் ஆனது. சாவி இருந்தாலும் உள்தாழ்ப்பாள் போட்டிருந்தால் அவன் திறக்க முடியாது. வாழ்நாள் முழுக்கக் கதவை இழுத்துப் பார்த்துப் பூட்டியவர், கதவைப் பாதி பூட்டிவிட்டு, முன்னறையில் நாற்காலியைப் போட்டு அங்கேயே தூங்க ஆரம்பித்தார். எங்களையும் காக்க வேண்டும், அவனையும் வெளியே நிறுத்தக்கூடாது. கதவு செய்யவேண்டிய வேலையை இவர் உடம்பு செய்தது.

இரண்டு வருஷத்துக்கு மேல் அப்படி ஓடியது. லூக்கா 15-இல் தூரத்தில் வரும்போதே தகப்பன் பார்த்து ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறான். எங்கள் வீட்டில் அப்படி நடக்கவில்லை. தம்பி ஒரு பட்டப்பகலில் வந்து மணியடித்தான். சாவியை எங்கோ தொலைத்திருந்தான். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மாதான் திறந்தார்.

அந்த இரண்டு வருஷம் அப்பா எதைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று பின்னாளில் கேட்டேன். யோபு என்றார். நான் யோபுவின் பொறுமையைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது முதல் அதிகாரம், 5-ஆம் வசனம். யோபு அதிகாலையில் எழுந்து, தன் பத்துப் பிள்ளைகளின் இலக்கத்தின்படி பலி செலுத்துகிறான், "ஒருவேளை" அவர்கள் இருதயத்தில் பாவம் செய்திருப்பார்களோ என்று. "எனக்கு அந்த ஒருவேளைதான்ப்பா" என்றார். பிள்ளையின் இருதயத்துக்குள் தகப்பன் போய்க் காவல் இருக்க முடியாது. வெளியில் நின்று அந்த ஒருவேளையைக் கர்த்தரிடம் கொண்டுபோகலாம்.

ஆனால் யோபுவின் பிள்ளைகள் பத்துப்பேரும் ஒரே நாளில் இறந்தார்கள், வீடு இடிந்து விழுந்து. இதைத் தாண்டிப் போக எனக்கு வழி தெரியவில்லை. விடியற்காலை ஜெபம் அந்தக் காற்றை நிறுத்தவில்லை. உன் பிள்ளைகள் செய்த பாவத்துக்காக இருக்கும் என்று யோபுவின் சிநேகிதன் பில்தாத் வந்து காரணம் சொன்னான். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய்க் காரணம் சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கடைசி அதிகாரத்தில் தேவன் கடிந்துகொண்டது பில்தாத்தையும் அவன் சிநேகிதரையும்தான். யோபுவுக்கு மறுபடியும் ஏழு குமாரரும் மூன்று குமாரத்திகளும் பிறந்தார்கள். மகள்களுக்கும் சகோதரரோடு சுதந்தரம், அதாவது சொத்தில் பங்கு, கொடுத்தான் என்று எழுதியிருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்காகவும் அவன் அதிகாலையில் எழுந்தானா? எழுதியிருக்கவில்லை. எழுந்திருப்பான் என்றே எனக்குத் தோன்றுகிறது, கை நடுங்கிக்கொண்டேனும்.

நோவா தன் குடும்பத்தை இரட்சிக்கப் பேழையைச் செய்தான். 300 முழ நீளம், 50 முழ அகலம், 30 முழ உயரம், ஒவ்வொரு பலகையும் அவன் பொறுப்பு. எல்லாரும் உள்ளே போன பிறகு கதவை அடைத்தது மட்டும் அவன் இல்லை. "கர்த்தர் அவனை உள்ளேவிட்டுக் கதவை அடைத்தார்." கர்த்தர் நகரத்தைக் காவாராகில் காவலாளர் விழித்திருக்கிறது விருதா என்ற சங்கீதத்தை, அப்படியானால் விழித்திருக்க வேண்டாம் என்று அப்பா ஒருநாளும் எடுத்துக்கொண்டதில்லை. விழித்திருந்தார். அப்புறம் போய்ப் படுத்தும் கொண்டார்.

அப்பாவுக்கு இப்போது 84 வயது. அம்மா போனபிறகு எங்களோடு இருக்கிறார். நினைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருக்கிறது. என்னைத் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், சில நாள் யார் என்று கேட்கிறார். இரவில் எழுந்து நடக்கிறார். அவர் வெளியே போய்விடாதபடி கதவைப் பூட்டிச் சாவியை நான் எடுத்து வைத்துக்கொள்கிறேன். மேலே எழுதியதை எல்லாம் எழுதிவிட்டு இதைச் செய்வது எனக்கு உறுத்துகிறது, ஆனாலும் செய்கிறேன்.

எங்கள் கதவில் மேல்தாழ்ப்பாள் கிடையாது. இரவில் அவர் கதவருகே போய்க் கையை மேலே நீட்டி வெறும் மரத்தைத் தடவிக்கொண்டு நிற்பதை என் மகள்தான் முதலில் பார்த்தாள். அடுத்த நாள் ஒரு தாழ்ப்பாள் வாங்கிவந்து, அவர் கை போகும் உயரத்தில் நானே திருகாணி முடுக்கினேன். அதற்கு ஒரு வேலையும் இல்லை. அளவு சரியாகப் பார்க்காததால் துளையில் நேராகப் போய் விழுவதுமில்லை, உள்ளங்கையால் ஒரு தட்டு தட்ட வேண்டியிருக்கிறது.

நேற்று இரவு அந்தத் தட்டு கேட்டது. பிறகு ஒரு இழுப்பு. வெறுங்காலின் சத்தம் மெல்ல நெருங்கி, எங்கள் அறை வாசலில் வந்து நின்றது. என் பெயர் வந்தது. தம்பியின் பெயர் வந்தது. அதற்குமேல் எதுவோ அவருக்கு அகப்படவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு மறுபடி என் பெயரிலிருந்து தொடங்கினார்.

நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தூங்குவதுபோல் கிடந்தேன்.